செத்த சீட்டை எழுப்பலாமா, வரது?

என் அருமை வரது,

நீ இருக்கிற இடத்தில் சீட்டாட்டம் உண்டா? இருந்தால் அங்கேயும் ரூல்ஸை மாற்றியிருப்பார்கள். இங்கே மறுபடியும் மாற்றிவிட்டார்கள். எரிச்சல் தாங்காமல்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் புலம்பினாலும், டிராகன் படம் போட்ட அட்டைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள்.

வீரர்களும் டிராகன்களும் மோதுகிற நம் ஆட்டத்தின் புது சீட்டு பாக்கெட்டுகளை சலீம் சென்னையிலிருந்து வாங்கி வந்தான். பிரித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நாம் ஆட ஆரம்பித்த காலத்தில் டிராகனுக்கே ஐந்து பலம்தான். அதைக் களத்தில் இறக்கத் தவம் கிடக்க வேண்டும். இப்போது ஒரு தவளைக்கு ஆறு பலம் போட்டிருக்கிறான் கம்பெனிக்காரன். இரண்டாவது சுற்றிலேயே வந்து குந்திக்கொள்கிறது. அது என்னென்ன செய்யும் என்பதை எறும்பு சைஸ் எழுத்தில் எழுதியிருக்கிறான், படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இதில் போன வருஷத்துச் சீட்டெல்லாம் போட்டிகளில் செல்லாதாம். அதையெல்லாம் என்ன செய்வது, சுண்டல் மடிக்கவா?

உனக்கு இதெல்லாம் பிடித்திருக்கும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து புது ரூல்ஸை பிரிண்ட் எடுத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆளுக்கொன்று கொடுத்தவன் நீ.

அமாவாசை வந்தால் எனக்கு உன் வண்டிச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது. அன்றைக்குத் தறி ஓடாது என்பதால் எனக்கும் பக்கத்து வீட்டு பாபுவுக்கும் லீவு. சலீம் ஜரிகைக் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவான். நீதான் லேட். உன் அப்பா தர்ப்பணம் முடித்து, அப்புறம் எல்லோரும் சாப்பிட்டு, வாழைக்காய்க் கறி வாசனையோடு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் மாடிக்கு வந்து சேர்வாய். வந்ததும் சண்டையை ஆரம்பித்துவிடுவாய்.

எல்லாம் அந்த ஒரு ரூலுக்காக. பழைய விதிப்படி செத்த வீரனின் சீட்டு ஓரமாக ஒரு குவியலில் கிடக்கும், மந்திரவாதி சீட்டு கையில் இருந்தால் அவனை எழுப்பிக் களத்துக்குக் கொண்டுவரலாம். புது விதிப்படி செத்தவன் ஆட்டத்தை விட்டே போய்விட வேண்டும். நான் அந்த மந்திரவாதியை நம்பியே பிழைப்பு நடத்தியவன், விடுவேனா? நீயோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாதாடுவாய்.

"செத்தது செத்ததுதான் மச்சி. எழுப்பிக்கினே இருந்தா ஆட்டம் எப்பதான் முடியும்?"

ஓட்டுப் போட்டால் பாபு என் பக்கம், சலீம் உன் பக்கம். இரண்டுக்கு இரண்டு. மூன்று கை தூக்கினால்தான் மாற்றுவது என்று நாமே வைத்த ஏற்பாடு, அதனால் ஒவ்வொரு அமாவாசையும் பழைய ரூலே நின்றது. ஒவ்வொரு அமாவாசையும் நீ விடாமல் ஓட்டுக்கு விட்டாய். யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன ஊர்க்காரன்தானே, உன்னிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று பாபு கிண்டல் பண்ணுவான். நீ சிரித்துக்கொண்டே மறுபடி கை தூக்குவாய்.

அப்புறம்தான் தாமல் ஏரி தாண்டி அந்த லாரி வந்தது. அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

நீ போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு மூன்று பேரும் கூடினோம். வராமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று சலீம்தான் சொன்னான். உட்கார்ந்ததும் ரூல் பேச்சு வந்தது. சலீம் உன் பிரிண்ட்டை எடுப்பான், எனக்கும் அவனுக்கும் கொஞ்ச நேரமாவது முட்டிக்கொள்ளும் என்று தயாராக இருந்தேன். அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

"பழசே இருக்கட்டும்பா. வரது கடைசியா ஆடின மாதிரியே ஆடுவோம். அவன் ஞாபகமா."

பாபுவும் தலையை ஆட்டினான். இது எந்த ஊர் நியாயம், சொல்லு. பழைய ரூலைக் கண்டாலே உனக்கு ஆகாது. அதையே உன் ஞாபகார்த்தமாக வைத்துவிட்டார்கள். நான் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தேன். உன்னோடு போட்ட அத்தனை சண்டையில் நான் முழுசாக ஜெயித்தது இது ஒன்றுதான், அதற்கு நீ சாக வேண்டியிருந்ததா?

ஆடினோம். என் மந்திரவாதி கைக்கு வந்தான். செத்த வீரனை எழுப்பினேன். சலீம் அடித்தான், மறுபடி எழுப்பினேன். இதென்னடா அநியாயம் என்று ஒருத்தனாவது கத்துவான் என்று பார்த்தேன். துக்க வீட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்தார்கள். நானும் எழுப்பிக்கொண்டே இருந்தேன். கையில் இருக்கிற வேறு சீட்டைப் போட்டு ஆட்டத்தை முடித்திருக்கலாம். மனசு வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இழுத்துவிட்டு, யாரும் ஜெயிக்காமலே மூட்டை கட்டினோம். அவர்கள் இறங்கிப் போனதும் நான் நன்றாக அழுதேன்.

நாளன்றைக்கு மறுபடி அமாவாசை. சலீமை நேரே கேட்கப்போகிறேன், செத்தவனுக்கு மரியாதை செய்கிறேன் என்று அவன் கட்சியை விட்டு ஓடுவாயா என்று. பாபு என்னைத் துரோகி என்பான், கத்தட்டும். கத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

உன் வாதம் தப்புதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் நாளன்றைக்கு ஓட்டு எடுக்கும்போது உனக்காக நான் கை தூக்குகிறேன், வரது. இது சத்தியம். நீ இல்லை என்பதற்காக உன் பக்கம் ஒரு கை குறையக் கூடாது.

எப்போதும் உனக்கு எதிரே உட்கார்ந்த உன் மச்சி,
ஏகாம்பரம்
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்