ரோஸ்லினின் கோட்டுக்கு விழுந்த அடி

பியூட், மொன்டானா
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் ரோஸ்லினுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஒரு பல்லைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அலாஸ்கா குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நீ விட்டுப்போன நீலக் கோட்டு அடுத்த வெள்ளி உன் பதவியுயர்வு விழாவுக்குள் வந்துவிடும், ஆனால் அது போர்க்களம் பார்த்த கோட்டு. புதுப் பட்டை தைக்க ஒட்டிலியின் சலவைக்கடைக்கு எடுத்துப் போனேன். அவள் புருஷன் க்ளைட், இருபத்திரண்டு வருஷம் கடற்படையில் கிடந்தவன், கை நுனியில் தங்கப் பட்டையைப் பார்த்ததும், "ஊசி போடுற பொண்ணுக்கு எங்க உடுப்பு எதுக்குடா? எந்தக் கப்பல்ல வாந்தியெடுத்தா அவ? திருட்டுப் பட்டைடா இது" என்றான். நீ இருக்கிற அரசாங்கச் சுகாதாரப் படைக்கும் கடற்படையின் அதே பட்டை, அதே பதவிப் பெயர்தான் என்று பொறுமையாகச் சொன்னேன், ஒரு நிமிஷம் முழுக்க. பிறகு மூக்கில் ஒன்று விட்டேன். ஆறு பேர் சேர்ந்து உடைக்க வேண்டிய மூக்கு, ஒரே குத்தில் போயிற்று. அவன் என் காதைக் கடித்தான், நான் அவனை இஸ்திரிப் பலகையோடு சுவரில் மோதினேன், கண்ணாடி ஜன்னல் தெருவில் போய் விழுந்தது. ஒட்டிலி கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை எங்கள் முகங்களுக்கு நடுவே நீட்டி, "வெள்ளத்தப்ப அந்தப் பொண்ணு நாப்பது நாள் கூடாரத்துல பேதிக்காரங்களத் தூக்குனா. நீங்க ரெண்டு பேரும் பீர் கிளாஸத் தவிர எதத் தூக்குனீங்க?" என்றாள். 

அவள் தைக்க உட்கார்ந்தாள். இரண்டு முழுப் பட்டைக்கு நடுவே மெல்லிசாக ஒன்று என்று நீ எழுதியிருந்தாய், எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது, அதையும் முழுசாகவே போடு என்றேன். க்ளைட் என் தாடையில் விட்டான் பார், பல் சோப்புத்தூள் டப்பாவில் போய் விழுந்தது. "மூணு முழுசுன்னா கமாண்டர்டா, மடையா! இல்லாத பதவியப் போட்டுக்கிட்டு நின்னா பொண்ணோட வேலையே போயிரும். அவ சம்பாதிச்சதுக்கு மேல ஒரு நூல் ஏறாது!" என்று கத்தினான். திருப்பி அடித்திருப்பேன், ஒட்டிலி என் மேல் உட்கார்ந்திருந்தாள். மெல்லிசுப் பட்டையை அவனே அளவுகோல் வைத்துப் பிடித்துக்கொண்டான், மூக்கில் ரத்தம் சொட்டச் சொட்ட. தைத்து ஆணியில் மாட்டியதும் தன் பழைய தொப்பியைத் தேடிப் போட்டு, குதிகாலைச் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு சல்யூட் அடித்தான். நான் கூட்டிச் சொல்கிற ஆள்தான், இதில் ஒரு சொல் கூட்டவில்லை.

உள்துணியில் ரத்தக்கறை உண்டு, பச்சைத் தண்ணீரில் மட்டும் துவை. நீ தொட்ட உடம்பெல்லாம் தேறட்டும், உன் கைக்கு எந்த நோயும் ஒட்டாமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. சல்யூட் வாங்கிய அதிகாரி பதில் சல்யூட் அடித்தே ஆக வேண்டுமாம். க்ளைட் இன்னும் காத்திருக்கிறான்.

உன்னை வளர்த்த சித்தப்பா,
வெர்லின்