குருசா, குரூஸ்ட்டா?

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, சாமியார் வீட்டிலிருந்து ரொட்டி சுடும் வாசனை அடித்தது. பிரெஞ்சுக்காரரான நம் சாமியார் ரொட்டியின் கெட்டியான மேல்தோலைப் பிய்த்துக் கொடுத்து, "இதை எங்கள் ஊரில் குரூத் என்போம்" என்றார். உங்கள் சொல் மாதிரியே காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து நீங்கள் இருமலோடும் அந்தச் சொல்லோடும்தான் செஞ்சிக்கு, கட்டியவளான என்னிடம் திரும்பினீர்கள். மறுநாளே கடலைக்கொல்லைக்குக் கிளம்பும்போது, "இன்னாமே, குரூஸ்ட்டு எங்க?" என்றீர்கள். நான் சுவரில் மாட்டியிருந்த சிலுவையை, நம் குருசைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். "சாமி குருசு இல்லமே. சோறு! வேல நடுவுல துன்ற சோறு."

இங்கிலீஷா என்று கேட்டேன். இல்லையாம். சுரங்கத்தில் உங்களுக்கு மேலிருந்த வெள்ளைக்காரர் இங்கிலாந்தின் ஓரத்துக் கார்ன்வால் சீமைக்காரர். அவருடைய பாட்டன் பூட்டன் பேசிய பாஷையாம். "அத்த பேச இப்ப அங்கயே ஆளு இல்லியாம்மே" என்றீர்கள். பேச ஆளில்லாத பாஷை கோட்டை அடிவாரத்தில் வந்து சோறு கேட்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் படுத்த பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "குரூ..." என்றீர்கள். மீதியை இருமல் விழுங்கிவிட்டது. "இன்னாங்க, குருசா? கஞ்சியா?" என்று கத்தினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

இன்று சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். குரூத்தும் குரூஸ்ட்டும் லத்தீனில் ரொட்டியின் மேல்தோலைக் குறிக்கும் ஒரே சொல்லின் பிள்ளைகளாம். பிரான்சு வழியாகக் கார்ன்வாலுக்குப் போயிருக்கலாமாம். நம் குருசு வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்ததாம். "ஒலிதான் கிட்டே வருகிறது அம்மா, உறவு கிடையாது" என்றார்.

சொல்லின் வம்சம் தெரிந்துவிட்டது. நீங்கள் கேட்டது எதுவென்று மட்டும் தெரியவில்லை. பசித்ததா? பயந்தீர்களா? ஒருநாள் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

இப்போது கொல்லையில் உச்சிவெயில் ஏறியதும், கடலை பிடுங்கும் பெண்களிடம், "வாங்கடி, குரூஸ்ட்டு துன்லாம்" என்கிறேன். அர்த்தம் என்னவென்று ஒருத்தியும் கேட்பதில்லை. கையிலுள்ள மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வருகிறார்கள்.