கோழிகளுக்கு வெயில் காட்டியவளுக்கு

இன்று காலை முட்டை எடுக்க, கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடைக்கு அடியில் கைவிட்டேன். விரலில் பட்டது ஓடு இல்லை. வெதுவெதுப்பாக, அமுங்கிக் கொடுக்கிற வெறும் தோல். அந்தத் தோல்முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டதும் உன் ஞாபகம் வந்தது. "பாவி மகளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

நாம் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். புடவையின் உடலை நான் நெய்ய, என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவை வீசியவள் நீ. கோழியும் நமக்குக் கூட்டுதான். இடம் என் வீட்டுப் பின்கட்டு, தீனி உன் பொறுப்பு. நம்முடையதோ பாவு போடுகிற தெரு. விடிந்ததும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். அதில் ஒரு கோழியின் நகம் பட்டால் போதும், யாரோ ஒருவர் பிழைப்பில் மண். அதனால் தெருவில் எல்லோரும் செய்வதையே நாமும் செய்தோம். கோழிகளை இருட்டறையில் போட்டு அடைத்தோம். பாவைச் சுருட்டியதும் திறந்துவிடவேண்டும். தறியில் உட்கார்ந்த பிறகு அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

நம் கோழிகளில் முதலில் சிவப்பிதான் தோல்முட்டை இட்டது. பிறகு மற்றவையும். என் மாமியார், "இது வூட்டுக்கு ஆவாதும்மா. அறுத்துக் கொயம்பு வச்சிடு" என்றார். நீ சிவப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாய். "அதும் போட்டுக்கினுதான இருக்குது, பாவம்? ஓடு கட்ட ஒண்ணுமில்ல, அது இன்னா பண்ணும்?" அன்றைக்கே சிவப்பியைத் துணிப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

"வெயிலே படலியாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "வெயில் படாட்டா தின்ற சுண்ணாம்புச் சத்து ஒடம்புல ஒட்டாது. பத்தலன்னா கோழி தன் எலும்புலேர்ந்து எடுத்து முட்டைக்குக் குடுக்கும். அப்புறம் கால் நிக்காது."

நீ சிரித்தாய். "எங்கள மாதிரிதான்னு சொல்லுங்க." நானும் சிரித்தேன்.

அப்புறம் உன் வைத்தியத்தைப் பார்க்கணுமே! முட்டை ஓடுகளை வறுத்து, கிளிஞ்சலோடு இடித்து, "ஓடுன்னு தெரிஞ்சா முட்டையவே கொத்தக் கத்துக்கும்டி" என்று மாவாகச் சலித்துத் தவிட்டில் பிசைந்து வைத்தாய். முருங்கைக்கீரை தினமும் உண்டு. தெருவில் பாவு நிற்கும் நேரத்தில் கோழிகளைப் பஞ்சாரத்தோடு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாய். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினாய். "கால் இன்னாடி?" என்றால், "மரத்துப் போச்சு. தறில உக்காந்தா சரியாப் பூடும்" என்பாய். கோழிகளை வெயிலில் விட்டுவிட்டு நீ மட்டும் தறியறை இருட்டுக்கு இறங்கி வருவாய். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு நாடாவை எடுப்பாய்.

சிவப்பி ஓட்டோடு முட்டையிட்ட அன்று, அதைத் தறிக்கட்டையில் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினாய். நேராகப் போய் மாமியார் கையில் வைத்து, "இப்ப வூட்டுக்கு ஆவுமா அத்தே?" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் தறியை விட்டு எழுந்தாய். அவ்வளவுதான். நீ விழக்கூட இல்லை. தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் உளுத்துக் கிடக்கிறது, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். அப்போதும் நீ, "வலியெல்லாம் இல்ல சார்" என்றாய். படுத்தவள் எழவில்லை. முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. கடைசியாக என்னிடம் கேட்டதுகூட, "கோழிங்கள மாடிக்குக் கொண்டு போனியா?" என்றுதான். எனக்கு உன்மேல் ஆத்திரமாக வந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது நம் இருவர் காதிலும்தான் விழுந்தது. கோழிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது உன் இடத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா வீசுவது உன் மகள். ஒரு வாரமாக மழை மூட்டம், கோழிகள் உள்ளேயே கிடந்தன. இன்றுதான் வெயில் வந்தது. பஞ்சாரத்தைத் தூக்க அவளைக் கூப்பிட்டேன். முன்னால் போனவள் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

"கால் இன்னாடி?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா. மரத்துப் போச்சு. தறில உக்காந்தா சரியாப் பூடும்."

கோழிகளை விட்டுவிட்டு அவள் இறங்கப் போனாள். கையைப் பிடித்து இழுத்து வெயிலில் உட்காரவைத்தேன். "தறி எங்கயும் ஓடாது. இன்னிக்கு எலும்பு டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். வேலை கெடுகிறது என்று கத்தினாள். கோபம் அப்படியே உன்னுடையது. இப்போது கோழிகளுக்கு நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் மாடிப்படியை மறித்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.