உங்கட வயித்துக்குள்ள வைச்ச மெஷ்

என்ட அன்பான தவராசா அண்ணனுக்கு,

நான் ஆசுப்பத்திரியில அஞ்சாம் வாட்டு நேர்ஸ், நீங்க மிஸி எண்டு கூப்பிட்ட புனிதா. நீங்க போய்க் கனக்க வருசமாயிட்டு. எழுத வெக்கமா இரிக்கு, எழுதாம இரிக்கவும் ஏலல்ல.

சுனாமிக் கடல் வந்த அண்டைக்கு உங்கட மனிசியும் ரெண்டு புள்ளைகளும் போனாங்க. மறுகா சண்டையில ஷெல் துண்டு வயித்தக் கிழிச்சிட்டு. காயம் ஆறாம, சீழும் வடிஞ்சு, குடல் வெளியில தள்ளிக்கொண்டு திரிஞ்சீங்க. சண்டை முடிஞ்ச வருசம்தான் பெரிய டொக்டர் ஒப்பரேசன் செய்தார்.

கிருமி கிடக்கிற வயித்துக்குள்ள நிரந்தர மெஷ் வைச்சா அதுவும் பழுதாகும் எண்டு, சில மாசத்தில தானாக் கரைஞ்சு போற மெஷ் ஒண்ட வைச்சு மூடினார். வலைத்துணி மாதிரி ஒரு சாமான். "இது இப்போதைக்குத்தான். வயிறு திரும்பத் தள்ளும். பாரம் தூக்கக் கூடாது. ஒரு வருசத்தால வந்தா நிரந்தரமானத வைக்கலாம். அவர்ட ஆக்களுக்கு விளங்கப்படுத்துங்க" எண்டு என்னட்டச் சொல்லிட்டுப் போனார்.

எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? நோயாளிட முகத்துக்குச் சொல்லமாட்டம். கூட வந்த ஆக்களக் கூப்பிட்டு வராந்தாவில சொல்லுவம். நானும் பார்வை நேரமெல்லாம் வாசலப் பார்த்தன். உங்களப் பார்க்க ஆரு வாற?

துண்டு வெட்டி உங்கள வீட்ட அனுப்புற அண்டைக்கு நீங்க வயித்தத் தடவிச் சிரிச்சீங்க. "மிஸி, எல்லாம் போயிட்டு. இதாவது என்னோட நிக்கும், என்ன?" எண்டு கேட்டீங்க. நான் "ஓம் அண்ணன்" எண்டன். இரக்கத்திலதான் சொன்னன் எண்டு நினைச்சன். சீ, இரக்கமாம்! நீங்க அழுதா முன்னால நிக்கப் பயம், அவ்வளவுதான். கிளினிக் கொப்பியில எல்லாம் இங்கிலீசில கிடந்திச்சு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது எண்டும் எனக்குத் தெரியும்.

வாழைச்சேனைக்குப் போய்த் தோணி தள்ளினீங்க. வயிறு திரும்பத் தள்ளினதும் சாரத்த இறுக்கிக் கட்டி மறைச்சீங்க. குடல் நெரிஞ்சு கறுத்தாப்பிறகுதான் ஆரோ தூக்கி வந்தாங்க. என்ட கையப் பிடிச்சுச் சொன்னீங்க:

"பெரிய டொக்டரிட்டச் சொல்லிராதீங்க தங்கச்சி. அவர் பாடுபட்டு வைச்சத நான்தான் தோணி தள்ளிப் பழுதாக்கிட்டன். அவர்ட முகத்தில முழிக்க வெக்கம், அதான் வரல்ல."

அப்பயாவது சொல்லியிருக்கலாமே. ஒரு வசனம்தானே? ஒப்பரேசன் தியேட்டர் வாசல் வரைக்கும் சேலைன் போத்தலப் பிடிச்சுக்கொண்டு வாய மூடிட்டு வந்தன். நீங்க திரும்பி வரல்ல. வெக்கப்பட வேண்டியவள் நான், வெக்கப்பட்டுச் செத்தது நீங்க.

போன கிழமை தேற்றாத்தீவில இருந்து வந்த ஒரு பொம்பிளைக்கும் கரையிற மெஷ்தான் வைச்சாங்க. "அவக்குச் சொல்லாதீங்க மிஸி, பயப்படுவா" எண்டு புருசன் வராந்தாவில மறிச்சார். நான் உள்ள போய்க் கட்டில்ல குந்திக்கொண்டு அவட முகத்துக்கே சொன்னன். இது கரையும், வயிறு தள்ளும், அது உங்கட பிழை இல்ல, தள்ளினா உடன வாங்க எண்டு. அவ அழுதா. என்னை நல்லா ஏசினா. மறுகா கண்ணத் துடைச்சிட்டு, "அப்ப எத்தினையாம் மாசம் வரவேணும்?" எண்டு கேட்டா. இவ்வளவுதான் அண்ணன். இதத்தான் நான் உங்களுக்குச் செய்யல்ல.

நீங்க ஒண்டையும் பழுதாக்கல்ல. அது கரையத்தான் வைச்சது. தோணியத் தொடாம இரிந்திருந்தாலும் கரைஞ்சிருக்கும்.

இனி என்ட வாட்டில இருந்து ஒருத்தரும் தன்ட வயித்துக்குள்ள என்ன இரிக்கு எண்டு தெரியாமப் போகமாட்டாங்க. இது உங்களுக்கு நான் தாற வாக்கு. ஆக்கள் இல்லாம வாறவங்களுக்கு நான்தான் ஆள்.

நேரத்துக்கு வாய் திறக்காத உங்கட தங்கச்சி,
புனிதா