நீங்கள் முதலில் பார்த்த வளாகம்

மச்சாள்,

இன்று காலை பயணப் பையைத் தோய்க்கலாம் என்று உதறியபோது உள்ளேயிருந்து உங்கள் கைலேஞ்சி விழுந்தது. ஓடிக்கொலோன் மணம். பஸ் ஏறினால் உங்களுக்குத் தலை சுற்றும் என்று நாலு துளி விட்டு மூக்கில் பிடித்துக்கொண்டு வருவீர்களே, அதே மணம். சவர்க்காரம் போட்டு அலசிக் கொடியில் போட்டேன். காய்ந்த பிறகும் மணக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தோடேயே உங்களுக்கு எழுதலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் உங்கள் தம்பியைக் கட்டி வந்த நாளிலிருந்து நீங்கள் உயிரோடிருந்த காலம் முழுவதும் ஒரே வளவுக்குள்தான் இருந்தோம். கடிதம் எழுதும் தேவை ஒருநாளும் வந்ததில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. செத்தவர் மேல் பொறாமைப்படுவது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

ஜெனியைப் பெற்றது நான். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியடியில் அவள் தலையைத் தொட்டுத் தாங்கியது நீங்கள். அன்றிலிருந்து அவளுக்கு நீங்கள் மாமியில்லை, தொட்டம்மா. மற்றப் பிள்ளைகளுக்குத் தொட்டம்மா என்றால் முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை வாங்கித் தருகிறவர், நத்தார்ப் பண்டிகைக்கு ஏதாவது கையில் வைக்கிறவர், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படியா? பரீட்சைக்குப் போனாலும் சரி, தாழ்வுபாட்டுச் சந்திக்குப் பாண் வாங்கப் போனாலும் சரி, முதலில் உங்கள் வாசலுக்கு வந்து நெற்றியைக் காட்டுவாள். நீங்கள் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவீர்கள். நானும் அவளுக்குச் சிலுவை போட்டிருக்கிறேன். ஆனால் நான் கூப்பிட்டு, பிடித்து நிறுத்திப் போடவேண்டும். உங்களிடம் தானாக வருவாள்.

போன வருடம் பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளுக்கு வளாகத்தைத் திறந்து காட்டும் நாட்கள் வந்தபோதும் அதுதான் நடந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை, எங்கே எதற்கு விண்ணப்பிப்பது என்று நேரில் போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று நின்றாள். எனக்குக் கருவாட்டுக் காலம். மழைக்கு முன்னால் காயவைத்து ஏற்றிவிடவேண்டும். "நீங்க கூட்டிக்கொண்டு போங்கோ மச்சாள்" என்று சொன்னது நானேதான். நீங்கள் ஒரு பேச்சுக்காவது "நீயும் வாவன்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புடவைக்கடையில் லீவு எடுத்தீர்கள், யாழ்ப்பாணத்துக்கும் போனீர்கள், மாத்தறைக்கும் போனீர்கள். கல்யாணம் கட்டாத உங்களுக்கு ஒரு பயணம் வெளிக்கிட யாரைக் கேட்கவேண்டும்?

மன்னார் எங்கே, மாத்தறை எங்கே! நாட்டின் இந்தத் தொங்கலில் ஏறி அந்தத் தொங்கலில் போய் இறங்கவேண்டும். நீங்கள் இருவரும் திரும்பி வந்து இறங்கியபோது உங்கள் கால்கள் வீங்கியிருந்தன. அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அம்மா, அங்க கடலைப் பற்றியே படிக்கலாம். மீன், பாசி, பவளப்பாறை, எல்லாத்துக்கும் ஆய்வுகூடம் இருக்கு!"

உங்கள் தம்பி வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கடலைப் படிக்க மாத்தறைக்கோ போகோணும்? விடிய என்னோட வள்ளத்தில வா. காசில்லாமல் காட்டுறன்."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் ஜெனி உங்களைப் பார்த்து "மஞ்சள் குடை" என்றாள். அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். என்ன மஞ்சள் குடை என்று கேட்டேன்.

"அது சொல்லி விளங்காது மச்சாள். அங்க நிண்டிருக்கோணும்" என்றீர்கள்.

இன்றுவரை அந்த மஞ்சள் குடை என்னவென்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்விட்டீர்கள். அவளிடம் கேட்க எனக்கு ரோசம்.

தவக்காலத்தில் ஒரு பின்னேரம் கடையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஆசுப்பத்திரியில் சில நாட்கள் கிடந்தீர்கள். பிறகு சேமக்காலைக்குத்தான் கொண்டுபோனோம். குழிக்கரையில் ஜெனி அழுத அழுகையைப் பார்த்து, உங்களோடு கடையில் வேலை செய்த உப்புக்குளத்துப் பெண், "பெத்த தாயைக் குடுத்த பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றாள். பெற்ற தாய் அவளுக்குப் பக்கத்தில்தான் மெழுகுதிரியோடு நின்றேன். நானும் உங்களுக்காகத்தான் அழுதுகொண்டு நின்றேன். அந்தப் பேச்சோடு என் கண்ணீர் நின்றுவிட்டது.

பிறகு பெறுபேறு வந்தது. நல்ல பெறுபேறு. விண்ணப்பத்தில் எதை முதலாவது விருப்பமாகப் போடுவது என்பதுதான் வீட்டில் கதை. மாத்தறையில் கடல் படிப்பு, யாழ்ப்பாணத்தில் உயிரியல். யாழ்ப்பாணம் என்றால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். மாத்தறை என்றால் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும்தான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். அவளோ வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே யோசனை. மாத்தறை உங்கள் இடம். நீங்கள் காட்டிய இடம். மண்ணுக்குள் இருந்துகொண்டே என் பிள்ளையை அங்கே கூப்பிட்டு எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் இந்த வருடத்துத் திறந்த நாள் வந்தது. வா போவோம் என்றேன்.

"நான் போன வருசமே பார்த்திட்டனே அம்மா."

"நான் பார்க்கேல்லை."

"நீங்களோ கம்பசுக்குப் போகப்போறீங்கள்?"

"ஏன், போனால் விடமாட்டினமோ?"

சிரித்துக்கொண்டு வெளிக்கிட்டாள். நான் கல்யாண வீடுகளுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டினேன். இரண்டு பேருக்கும் புட்டும் மீன்பொரியலும் கட்டி எடுத்தேன். பூநகரிப் பாதையால் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது ஜெனி பையிலிருந்து உங்கள் கைலேஞ்சியை எடுத்து மூக்கோடு வைத்துக்கொண்டாள். அவளுக்கு எந்தப் பஸ்ஸிலும் தலை சுற்றியதில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சுற்றியது. தா என்று கேட்கவில்லை.

வளாகத்துக்குள் கால் வைத்தால் நீங்கள் எங்கே இல்லை? இந்த மரத்தடியில்தான் தொட்டம்மா இருந்து கால் ஆறினவ. இந்தப் படியிலதான் தொட்டம்மா செருப்பைக் கழற்றி வைச்சிட்டு ஏறினவ, கோயில் மாதிரி. இந்தக் கன்ரீனில தொட்டம்மா மூண்டு பிளேன்ரீ குடிச்சவ. நான் நாலு குடித்தேன். வயிறு முட்டிப்போய்த்தான் ஆய்வுகூடப் பக்கம் நடந்தேன்.

அங்கே வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மாணவி, வருகிற பிள்ளைகளுக்கு வழி காட்டிக்கொண்டு நின்றாள். ஜெனியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"மன்னார்த் தங்கச்சியெல்லோ! போன முறையும் வந்தனீங்கள். எங்க, அம்மா வரேல்லையோ?"

பக்கத்தில் நான் நிற்கிறேன் மச்சாள். நீலச் சேலையோடும் புட்டுப் பார்சலோடும் நிற்கிறேன்.

 "அவ செத்துப்போனா அக்கா" என்றாள் ஜெனி.

"ஐயோ!" அந்தப் பிள்ளை ஜெனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. "என்ன மாதிரி ஒரு அம்மா! நான் விடியத் தொடக்கம் சாப்பிடேல்லை எண்டதும் தன்ர பார்சலைப் பிரிச்சுத் தந்தவ. மறக்கவே ஏலாது." கண் கலங்கியபடியே என் பக்கம் திரும்பியது. "அன்ரி, நீங்க சொந்தமோ?"

"ஓம். கொஞ்சம் சொந்தம்" என்றேன்.

அப்போதுதான் ஜெனிக்கு உறைத்தது. "ஐயோ அக்கா, இவதான் என்ர அம்மா. அவ தொட்டம்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டது. நானும் பரவாயில்லை என்று சிரித்துவைத்தேன். ஆனால் என் மனம் வேறெதையோ பிடித்துக்கொண்டது. போன வருடம் உங்களை அம்மா என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது, அம்மா என்று கூப்பிட்டும் இருக்கும். நீங்கள் திருத்தவில்லை. இவளும் திருத்தவில்லை. ஒரு பகல் முழுக்க என் இடத்தில் நின்றுகொண்டு அந்த வளாகத்தைச் சுற்றி வந்திருக்கிறீர்கள்.

மரத்தடியில் பார்சலைப் பிரித்தபோது கேட்டேன். "ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

ஜெனி புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்த அக்கா அம்மா எண்டு சொன்னதும் தொட்டம்மாவின்ர முகத்தைப் பார்த்தனான். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

இரக்கப்படவேண்டிய இடம் என்று தெரிந்தது. உங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? இரக்கமும் வந்தது. பொறாமை முன்னால் வந்து கதிரையைப் பிடித்த பிறகு, ஆறுதலாகப் பின்னால் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது ஜெனி சொன்னாள். "அம்மா, யாழ்ப்பாணத்தையே முதலாவதாப் போடுறன்."

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஜெயித்துவிட்டேன். என்னோடு வந்து பார்த்த இடத்தைப் பிடித்துவிட்டது, உங்களோடு போய்ப் பார்த்த இடம் தள்ளுப்பட்டுவிட்டது. மடுமாதாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கம்பஸ் அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன்.

"அதில்லை. தொட்டம்மாதான் ஆசுப்பத்திரியில வைச்சுச் சொன்னவ."

"என்ன சொன்னவ?"

"'மாத்தறையைப் போடாதை பிள்ளை. கொம்மா வெளியாலதான் சத்தம் போடுவா, உள்ளுக்குச் சரியான பயந்தவ. நீ தூரத்துக்குப் போனால் தாங்கமாட்டா. கிட்ட நில்' எண்டு."

நான் அவள் பக்கம் திரும்பினேன். கேட்டேன். "உனக்கு எது விருப்பம்?"

"அது பரவாயில்லை அம்மா."

"எது விருப்பமெண்டு கேட்டனான்."

"மாத்தறைதான்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது மச்சாள். மாத்தறையைக் காட்டி ஆசையை மூட்டியது நீங்கள். போகாதே என்று மறித்ததும் நீங்கள். நடுவில் நான் யார்? என் பிள்ளை எங்கே படிப்பது என்பதையும் நீங்கள் தீர்மானித்து, நான் எவ்வளவு தாங்குவேன் என்பதையும் நீங்களே அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் தாங்கமாட்டேனா? உங்கள் தம்பி காற்றுக்குள் அகப்பட்டு ஓர் இரவு கரைக்கு வராமல் கிடந்தபோது, வருவார் என்று சொல்லி உலையை வைத்தவள் நான். மயங்கி விழுந்தது யார்? நீங்கள். உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தது யார்? நான்.

"மாத்தறையைப் போடு" என்றேன்.

"அம்மா..."

"போடு எண்டால் போடு. எனக்குத் தாங்கும்!"

முன் சீட்டிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம். ஜெனி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் சேலையில் அழுதாள். மன்னார்ப் பாலம் வரும்வரை தலையை எடுக்கவில்லை. அவள் அதை அன்பு என்று நினைத்தாள். உங்களுக்கு உண்மை தெரியவேண்டும். அதில் பாதிக்கு மேல் பிடிவாதம். அனுப்பி வைத்தவள் என்ற பெயராவது எனக்கு இருக்கட்டும் என்ற பிடிவாதம்.

உங்கள் தம்பி மட்டும் வாசலில் நின்று, "அவ்வளவு தூரமோ?" என்றார். ஓம், நான் சொல்லிவிட்டேன் என்றேன்.  இந்தக் கிழமை விண்ணப்பமும் போய்விட்டது. அவளுக்குக் கிடைக்கும், அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. இப்போது போனை வைத்துக்கொண்டு, மாத்தறையில் பேசவேண்டுமென்று சிங்களம் பழகுகிறாள். சமைக்கும்போது என்னிடம் வந்து, வெங்காயத்துக்கு என்ன, உப்புக்கு என்ன என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்கிறாள். பூசை முடிந்து வரும்போது வழியில் கண்டவர்களிடமெல்லாம், "அப்பாவுக்குக் கூடப் பயம். அம்மாதான் துணிஞ்சு அனுப்புறா" என்கிறாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருடம் உங்களோடு மனதுக்குள் மல்லுக்கட்டினேன். கிடைத்துவிட்டது.

நேற்று மத்தியானம் அவளுக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் வந்து, சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். முந்தாநாளும் அழுதேன். இதை யாரிடம் சொல்வது? உங்கள் தம்பியிடம் சொன்னால் அவர் அவளிடம் சொல்லிவிடுவார். அவளிடம் சொன்னால் இடம் கிடைத்தாலும் போகமாட்டாள். சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். உங்களுக்கோ நான் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அதுவும் எனக்குப் பொறாமைதான். உங்களை நான் அந்தளவுக்கு அறிந்து வைத்திருக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை மச்சாள். நீங்கள் சொன்னதுதான் சரி. அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம்.