எட்டாந் திகதிக் கற்கண்டு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
17.06.1992

அன்பு மகள் வதனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் பரமேஸ்வரனும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ரொறன்ரோவில் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா எழுதுவது என்று இருக்கிறதே, அதை இன்னொரு முறை வாசித்துப் பார். இது என் கை. இவ்வளவு காலமும் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார், சில வேளை நான் சொல்லாததையும் எழுதினார், கடைசியில் அப்பா என்றும் அவரே போட்டார். இப்போது சனிக்கிழமைகளில் நூல்நிலையத்தில் கோதை ரீச்சரிடம் படிக்கிறேன். அவர் திருச்சிக்காரர். ஆமாங்கய்யா, அப்படித்தான், இன்னும் கொஞ்சம் சுழிங்க என்பார், நான் ஓம் ஓம் என்று சுழிப்பேன். இந்தப் பந்தியை எழுதி முடிக்க என் தேநீர் ஆறிப்போய்விட்டது, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ ரெலிபோனில் கதைத்ததை அம்மா சொன்னார். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், உனக்குப் பிரஷரும் ஏறுகிறதாம், ஜூலை எட்டாந் திகதி ஒப்பரேஷன் செய்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்குத்தர் சொன்னாராம். இத்தனைக்குள்ளும் அம்மாவின் காதில் விழுந்தது எட்டு மட்டும்தான். எட்டுச் சனியன்ரை எண்ணடி, பதினைஞ்சாந் திகதிக்கு மாத்தச் சொல்லு, ஒண்டும் அஞ்சும் ஆறு, வெள்ளியின்ரை எண், பிள்ளை சீராய் வாழும் என்று அவர் உனக்குச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நீ யோசிக்கிறன் அம்மா என்று சொன்னாயாம். அந்த ஒரு சொல்தான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. யோசிக்காதே மகள்.

அம்மாவைக் கோபிக்கவும் வேண்டாம். அவருடைய பயம் உனக்குத் தெரியும்தானே. கவுன்சில் இந்த எட்டாம் இலக்க வீட்டைத் தந்தபோது, கதவில் எட்டுக்குப் பக்கத்தில் ஏ என்ற இங்கிலீசு எழுத்தை ஒட்டிவிட்டுத்தான் பால் காய்ச்சினார். எட்டு ஏ என்றால் அது எட்டு இல்லையாம். எல்லாரையும் விலாசத்தில் அப்படியே எழுதச் சொன்னார். அப்படி ஒரு வீடு தபால்காரனுடைய கணக்கில் இல்லை, உன் கலியாணப் படங்களை அடுத்த கட்டடத்தில் போட்டுவிட்டுப் போனான். அங்கே இருக்கிற செபமாலைமுத்து கொண்டுவந்து தந்து, ஏன் அண்ணை, உங்கடை வீடு ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுதோ என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் ஏ இன்னும் கதவில்தான் இருக்கிறது.

இனி, ரெலிபோனில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாததும், அவர் கையாலேயே எழுதுவிக்க முடியாததுமான ஒன்று. இதற்காகத்தான் எழுதப் படித்தேனோ என்றுகூட நினைக்கிறேன். நீ பிறந்தது மார்ச் ஒன்பது இல்லை. எட்டு. அன்று மத்தியானம் ஊரில் எங்கள் வீட்டில் மருத்துவிச்சி மெற்றில்டாவின் கையில் வந்து விழுந்தாய். அம்மா ஆணோ பெண்ணோ என்று கேட்கவில்லை, இண்டைக்கு என்ன திகதி என்றுதான் முதலில் கேட்டார். எட்டு என்றதும் அழுகை. பதிவுகாரரிட்டை ஒன்பதெண்டு சொல்லுங்கோ என்று என்னைக் கும்பிட்டார். மெற்றில்டா சிரித்துவிட்டு, எட்டோ ஒன்பதோ, இவளுக்குப் பசிக்குது, முதல்லை பாலைக் குடு பிள்ளை என்றார். நான் ஒன்பது என்றே பதிந்தேன். அம்மா அன்றைக்கு நிம்மதியாக உன்னை மடியில் வைத்திருந்தார், எனக்கு அது போதும்.

ஒவ்வொரு வருடமும் உன் பிறந்தநாளுக்கு முதல்நாளே நான் கற்கண்டுப் பொட்டலத்தோடு வருவேன், நினைவிருக்கிறதா? ஐயோ அப்பா, நாளைக்குத்தானே என்று நீ துள்ளுவாய். இந்த மனிசனுக்குத் திகதியும் தெரியாது என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். எனக்கு அப்போது எழுத்துத்தான் தெரியாது மகள், இலக்கம் தெரியும். அம்மாவுக்கு எட்டு என்றால் சனி. எனக்கு எட்டு என்றால் உன் முகம். எட்டில் பிறந்தவள் எப்படி இருக்கிறாள் என்று நீயே கண்ணாடியில் பார்த்துச் சொல்லு.

ஆகவே டாக்குத்தர் சொன்ன நாளிலேயே போ. மருமகனை அன்றைக்கு லீவு எடுக்கச் சொல். உப்பைக் குறை, தனியே படி இறங்காதே. பேரப்பிள்ளை பிறந்தது ஒன்பதாந் திகதி என்று அம்மா வெம்பிளி வரைக்கும் சொல்லித் திரியட்டும், நீ மறுக்காதே. நான் எட்டாந் திகதி காலமையே ஹை ஸ்ட்ரீட் கடையில் கற்கண்டு வாங்கி வைத்துக்கொண்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, பதில் போடும்போது உறையில் வெறும் எட்டு என்று எழுது, ஏ வேண்டாம். நேரே இங்கே வரும். நானே வாசிப்பேன்.

உன் அப்பா,
க. சுப்பிரமணியன்
(கையெழுத்தும் நானே போட்டது)