பொன்னுமணியின் ஈரச் சேலை

அன்பு மகள் சுகன்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்தி பவதாரணிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போடியில் பத்து நாளாகச் சாரல், மலையில் மேகம் இறங்கியே கிடக்கிறது.

ராசிங்காபுரத்தில் மாலைப் பாடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்கள் திரும்பி வரும்வரை அவர்கள் பிள்ளைகளுக்கு. தபால் ஆபீசில் முத்திரை குத்தியவருக்கு இது எதற்கு என்று கேட்டாய், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. போன புதன்கிழமை பருப்பொருளின் மூன்று நிலைகள். பனிக்கட்டி திண்மம், தண்ணீர் திரவம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மலையைக் காட்டி, அதோ அந்த வெள்ளை மேகம்தான் வாயு என்றேன். மகளைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்ற பொன்னுமணி, "சார், நாங்க அந்த மேகத்துக்குள்ள நின்னுதேன் காயெடுக்கிறோம். காத்துன்னா என் சேலை எப்பிடி நனையுது? பிழிஞ்சுட்டுல்ல வர்றேன்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பதறிப்போய், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "படிச்சவுக சொன்னாச் சரிதேன்" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பாண்டீஸ்வரி வரவில்லை. "ஒங்கம்மா சேலையில வாயு சொட்டுதாடீ" என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்களாம்.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன், அப்படிப் போடவே இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது, மேகம் என்பது பொடிப்பொடியான நீர்த்துளிகள். அப்போதும் மனம் ஒப்பாமல் கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அதன் மூக்கை ஒட்டி ஒரு விரல்கடை தூரம் ஒன்றுமே தெரியவில்லை, அதைத் தாண்டித்தான் வெள்ளை. நான்கு முறை பார்த்துக் குறித்துக்கொண்டேன். "குளிக்கவும் மாட்டேங்கிறீக, காப்பியும் வேண்டாங்கிறீக, வெந்நிய மட்டும் கொதிக்க விட்டுக்கிட்டே இருக்கீக" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜீப்பு வரும்வரை பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிறேன். பெண்கள் எல்லோரும் இறங்கியதும் அவர்கள் முன்னாலேயே, நான் சொன்னது தப்பு, புத்தகத்தின் மேல் பொய்யாகப் பழி போட்டேன், பொன்னுமணி சொன்னதுதான் சரி என்று சொல்வேன். மூன்று வரிதான், எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். அதற்குப் பிறகும் பாண்டீஸ்வரி வராவிட்டால் அவள் வீட்டு வாசலுக்குப் போய் இன்னொரு முறை சொல்வேன்.

உனக்கும் சின்ன வயதில் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். குளிரில் வாயிலிருந்து வரும் வெள்ளை என்னவென்று பவதாரணி கேட்டதற்கு, தாத்தா சொன்னபடி வாயு என்றேன் என்று போனில் சிரித்தாயே, அதையும் திருத்திவிடு. ஜன்னல் கண்ணாடியில் ஊதி அவளையே விரலால் தொட்டுப் பார்க்கச் சொல். தப்பு தாத்தாவுடையது என்பதையும் விடாமல் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஜக்கையன்